அது பேய் ஊர் அல்ல

போன மாதம் மயிலாப்பூரிலிருந்து நாங்கள் நாலு பென்ஷன்காரர்கள் காரில் தனுஷ்கோடி போய் வந்தோம். வழியில் நண்பர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்: ‘பேய் நகரத்தில் ஒரு நாள்!’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயா, அது பேய் ஊர் அல்ல. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று ஜனங்கள் போய்வந்த ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு மூழ்கியது.

இன்றும் அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. அவர்கள் காதுபடத்தான் ‘பேய்’ என்கிறோம்.

இடிந்த மாதா கோயில் சுவரில் யார் யாரோ பெயரைக் கீறியிருந்தார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்!’ என்று முணுமுணுத்தபடி திரும்பினால், எங்கள் நண்பரே ஒரு பவளக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கொலுவுக்காம்! எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். வைத்தார், ஆனால் சென்னை வரும்வரை என்னோடு பேசவில்லை.

பேய் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. பேய் வீட்டில் யாரும் எதையும் செய்யலாம். நம் அடையாறு உடைந்த பாலத்துக்கும் அதே பட்டம்தான் கட்டியிருக்கிறோம்.

தனுஷ்கோடிக்குத் தாராளமாகப் போங்கள். துக்க வீட்டுக்குப் போவதாக நினைத்துப் போங்கள். துக்க வீட்டில் கல் பொறுக்குவோமா?