எல்லா நெஞ்சு வலியும் வாயு அல்ல

நெஞ்சில் சுருக்கென்று குத்துகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: “வாயுப் பிடிப்புதான், ஒரு சோடா குடி.” வயதானவர் என்றால் மட்டும் மாரடைப்போ என்று பதறுகிறோம். நாள் முழுக்கக் கூனி உட்காருவதாலும் நெஞ்சு வலிக்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இதயம் இல்லையென்றால் வாயு என்ற இந்தக் கணக்கு இரண்டு வகையில் ஆளைக் கெடுக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு சோடாவிலும் ஓமத் தண்ணீரிலும் பொன்னான நேரம் போகிறது. தசையும் மூட்டும் நொந்து வலிப்பவரோ வருஷக்கணக்கில் வாயு மாத்திரை விழுங்குகிறார்.

“காற்று விலா இடுக்கில் போய் அடைத்துக்கொள்கிறது” என்பது முதல் வாதம். வயிற்றிலும் குடலிலும் சேரும் காற்று விலா எலும்புகளுக்கு நடுவே போக வழியே இல்லை. இரைப்பை உப்பினால் மேல்வயிறு பொருமும், நெஞ்சாங்குழி இறுகும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் குத்துகிற வலி பெரும்பாலும் நெஞ்சுச் சுவரின் வலி. ஏப்பம் விட்டதும் லேசானது, அதனால் வாயுதான் என்று முடிவு கட்டுவது இன்னும் ஆபத்து. இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு பலருக்கு அஜீரணம் போலவே, குமட்டலும் ஏப்பமுமாகத்தான் தொடங்குகிறது.

“கூனி உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், நெஞ்சு ஏன் வலிக்க வேண்டும்?” இது நியாயமான கேள்வி, நெஞ்சுக்கூட்டின் அமைப்பே இதற்குப் பதில் சொல்கிறது. 12 ஜோடி விலா எலும்புகளும் பின்னால் முதுகெலும்போடு மூட்டுகளால் இணைந்திருக்கின்றன. மேலே உள்ள 7 ஜோடிகள் முன்னால் குருத்தெலும்பு வழியாக நேரே நடு மார்பெலும்பில் சேர்கின்றன. மூச்சை இழுக்கும்போது விலாக்கள் வாளியின் கைப்பிடி போல மேலெழும், விடும்போது தாழும். சும்மா இருக்கும்போதே இது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை நடக்கிறது. முதுகு வளைந்து தோள்கள் முன்னால் சரிந்துவிட்டால், முன்பக்கம் விலாக்கள் நெருங்குகின்றன, பின்பக்கம் மூட்டுகள் இழுபடுகின்றன, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எழும்ப இடம் குறைகிறது. 3, 4, 5ஆம் விலாக்களிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகும் சிறு மார்புத் தசை, சுருங்கியபடியே கிடந்து இறுகிப்போகிறது. விலாவின் ஓரமாக ஓடும் நரம்பு முதுகிலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வருவதால், முதுகு மூட்டில் பிறந்த வலி முன்நெஞ்சில் தெரிவதும் உண்டு.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலை வீட்டுவேலை முடித்து உட்கார்ந்தால் மாலை வரை குனிந்த தலை நிமிர்வதில்லை; இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் ஒடுங்கியே இருக்கின்றன. தையல் மெஷினில் குனிந்திருப்பவரும், கட்டிலில் சாய்ந்து லேப்டாப்பைத் தொடையில் வைத்து வேலை பார்க்கும் இளைஞரும் உடம்பை வைத்திருப்பது ஏறக்குறைய இப்படித்தான். இவர்களெல்லாம் நெஞ்சு வலி என்று சொன்னால், எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மருத்துவத்துக்கு இது புதிதல்ல. விலாக் குருத்தெலும்பு மார்பெலும்போடு சேருமிடம் நொந்துபோவது, பெரும்பாலும் 2 முதல் 5ஆம் விலா வரை, வெளிநோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் ஒன்று. அதே இடம் வீங்கியும் வலிக்கும் அரிய வகையை ஜெர்மன் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் விவரித்தார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இடது நெஞ்சில் ஊசி குத்தியது போல வந்து, சில நொடிகளிலோ நிமிடங்களிலோ மறைந்துவிடும் ஒரு வலி உண்டு. 1955இல் மருத்துவர்கள் மில்லரும் டெக்ஸிடரும் எழுதிய பிறகு அது பரவலாக அறியப்பட்டது. குனிந்து உட்கார்ந்திருக்கும்போதே அது அடிக்கடி வரும், நிமிர்ந்தால் பலருக்கு விட்டுவிடும். உட்காரும் விதம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. விடாத இருமலும் பழக்கமில்லாத பளுவும்கூட இந்த மூட்டுகளை நோகடிக்கும். சாப்பிட்ட கையோடு மடங்கி உட்கார்ந்தால் வயிறு அமுங்கி, புளித்த அமிலம் மேலேறி நெஞ்சை எரிப்பதும் நடக்கிறது.

“ஈசிஜி நார்மல், எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடுவது அடுத்த தவறு. தசை வலியும் மூட்டு வலியும் ஈசிஜியில் தெரியாது; அதற்காக வலியே இல்லை என்று ஆகிவிடாது. மேலும் மாரடைப்பிலேயே முதல் ஈசிஜி சிலருக்கு இயல்பாக இருக்கும். அதனால்தான் மருத்துவர்கள் அதைத் திரும்ப எடுக்கிறார்கள், இரத்தத்தில் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அமுக்கினால் வலிக்கிறது, அப்படியானால் இதயம் இல்லை” என்று நீங்களே முடிவு செய்துவிடக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு நெஞ்சை அமுக்கினால் வலிக்கிறது.

“விறைப்பாக நிமிர்ந்து உட்கார், பெல்ட் மாட்டிக்கொள், சரியாகிவிடும்” என்ற கடைச்சரக்கு யோசனையையும் நம்ப வேண்டாம். எந்த நிலையிலும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் தசை களைக்கும், நிமிர்ந்த நிலை உட்பட. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், முழங்கைக்குத் தாங்கல் கொடுங்கள். கதவு நிலையில் இரு கைகளையும் ஊன்றி நெஞ்சை மெல்ல முன்னே தள்ளினால் இறுகிய மார்புத் தசை இளகும். பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

ஆனால் நெஞ்சை அழுத்துவது போன்ற வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும், படியேறினால் வந்து ஓய்ந்தால் நிற்கும் வலியாக இருந்தாலும், உட்காரும் விதத்தை ஆராய வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் இந்த அறிகுறிகள் மங்கலாகவே வரலாம். சோடா பாட்டிலை ஒதுக்கிவிட்டு 108ஐ அழையுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு நாற்காலியைப் பார்த்துக்கொள்ளலாம்.