காட்டாத கணக்கும் நம்பாத கணிப்பும்

சகோதரிகளே, சீட்டுப் பிடிப்பவர் வீட்டில் ஒரு கொப்பி இருக்கும். யார் கட்டினார், யார் எடுத்தார் என்பதெல்லாம் அதில்தான். "ஒருக்கா பார்ப்பமா?" என்று கேட்டதும் கொப்பியை எடுத்து முன்னால் வைத்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. "பிறகு காட்டுறேன்" என்றால்? கணக்கு சரியாகவே இருந்தாலும் மறுநாள் தெருவில் நான்கு கதை உலவும்.

2012ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. பராக் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மிட் ரொம்னி பெரும் செல்வந்தர். வேட்பாளர் தமது வருமான வரிப் பத்திரங்களை வெளியிட வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் கிடையாது. வழக்கம் மட்டுமே உண்டு. அந்த வழக்கத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ரொம்னியின் சொந்தத் தகப்பனார்தான். மிச்சிகன் ஆளுநராயிருந்த ஜோர்ஜ் ரொம்னி, 1967இல் ஜனாதிபதி வேட்பாளராக வர முயன்றபோது 12 ஆண்டுக் கணக்கை ஒன்றாக வெளியிட்டார். ஓராண்டுக் கணக்கென்றால் ஊருக்குக் காட்டுவதற்காகவே சரிசெய்ததாக இருக்கலாமல்லவா என்பது அவர் எண்ணம். மகனோ 2010, 2011 என்று இரண்டு ஆண்டுகளோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த இரண்டு ஆண்டிலும் அவர் கட்டிய வரி வருமானத்தில் சுமார் 14 வீதம். சம்பளக்காரருக்கு அன்று உச்ச வரி 35 வீதம். முதலீட்டு இலாபத்துக்குப் பெரும்பாலும் 15 வீதமே. ஆகவே அது சட்டப்படி சரி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2011இல் அவர் சுமார் 40 இலட்சம் டொலர் தர்மம் கொடுத்திருந்தார். அதற்கு முழு வரிவிலக்குக் கேட்டிருந்தால் வரி இன்னும் இறங்கியிருக்கும். "13 வீதத்துக்குக் குறைவாக ஒருபோதும் கட்டியதில்லை" என்று முன்பே சொல்லிவிட்டதால், விலக்கின் ஒரு பகுதியை வேண்டாமென்று விட்டுவிட்டார்! ஓராண்டுக் கணக்கைப் பற்றித் தகப்பன் அஞ்சியது வீண் போகவில்லை.

ஆனால் எதிர்த்தரப்பு செய்தது இதைவிட மோசம் என்பேன். செனட் சபையின் பெரும்பான்மைத் தலைவர் ஹரி ரீட், "ரொம்னி பத்து வருடமாக வரியே கட்டவில்லை என்று ஒருவர் எனக்குச் சொன்னார்" என்றார். சொன்னவர் யார்? பெயரில்லை. ஆதாரம்? அதுவுமில்லை. இருபது ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் வரி கட்டியிருப்பதாக ரொம்னியின் கணக்காளர்கள் பின்னர் கடிதம் கொடுத்தார்கள். 2015இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டபோது ரீட் வருந்தவில்லை. ரொம்னி வெல்லவில்லைதானே என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு மனிதனின் மானத்தைப் பற்றிய பேச்சு இது, சகோதரிகளே.

அதே தேர்தலில் கருத்துக்கணிப்புகளும் சண்டைக்குள் இழுக்கப்பட்டன. ஓராயிரம் பேரிடம் கேட்டுப் பல கோடிப் பேரின் மனதைச் சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் மேலே வெந்து அடியில் அரிசியாய்க் கிடந்தால் அந்த ஒரு சோறு பொய் சொல்லும். 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, திரும்பி வந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, லேண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46இல். தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து விலாசம் எடுத்தால் அந்தப் பஞ்சகாலத்து ஏழையின் குரல் எங்கே கேட்கும்? மிகக் குறைவான பேரிடம், ஆனால் ஆளைத் தெரிந்தெடுத்துக் கேட்ட கலப் நிறுவனம் சரியாகச் சொன்னது.

2012இலோ அதே கலப் நிறுவனமே பிழைத்தது. அதன் கடைசிக் கணிப்பு ரொம்னிக்கு 49, ஒபாமாவுக்கு 48. பின்னர் தன் தவறை ஆராய்ந்தபோது, யார் உண்மையில் வாக்களிக்கப் போவார் என்று அனுமானித்த முறையும், விபரக்கொத்தில் பதிவான வீட்டுத் தொலைபேசிகளை நம்பியதும் காரணங்களில் சில என்று கண்டார்கள். பார்த்தீர்களா, மறுபடியும் தொலைபேசிப் பட்டியல்!

ஏனைய கணிப்புகள் பல ஒபாமா சற்று முன்னே நிற்பதாகக் காட்டின. ரொம்னி ஆதரவாளர் பலர் அதை ஏற்கவில்லை. ஜனநாயகக் கட்சியினரை அதிகம் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லி, தாங்களே எண்களைத் திருத்திப் போட்டு ரொம்னியை முன்னே நிறுத்தினார்கள். கணிப்புகள் தவறித்தான் இருந்தன; ஆனால் மறுபக்கமாக. சராசரியில் ஓரிரு புள்ளியே முன்னிலை காட்டப்பட்ட ஒபாமா, ஏறக்குறைய நான்கு புள்ளியால் வென்றார். 47 வீதத்தினர் வருமான வரி கட்டாமல் அரசாங்கத்தையே நம்பி இருப்பவர்கள் என்று தனி விருந்தொன்றில் பேசி அகப்பட்டுக்கொண்ட ரொம்னிக்குக் கிடைத்த வாக்கும் 47 வீதம்! வாக்களிப்பு நாளன்று அவர், வெற்றி உரை ஒன்றை மட்டுமே எழுதி வைத்திருப்பதாகப் பத்திரிகையாளரிடம் சொல்லியிருந்தார்.

நான்கு ஆண்டு கழித்து 2016இல் டொனால்ட் ட்ரம்ப் ஓராண்டுக் கணக்கைக்கூடக் காட்டாமல் நின்று வென்றார். அப்போதும் விஸ்கொன்சின் போன்ற மாநிலங்களில் கணிப்புகள் பிழைத்தன. கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள் அவற்றில் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவருடைய ஆறாண்டு வரிக் கணக்கைப் பிரதிநிதிகள் சபைக் குழு வெளியிட்டது 2022 டிசம்பரில். அவரது அந்தப் பதவிக்காலம் முடிந்து அப்போதே ஏறக்குறைய இரண்டு வருடம்.