ஃப்ரீசருக்குள் போகும் கல்யாணங்கள்

"ரெண்டாயிரம் வருசமாப் பொதைஞ்சு கெடந்த சங்கு வளையலையே மேட்டுக்காட்டுல எடுத்துட்டாங்க. நேத்துக் கீழ விழுந்த ஹார்ட் டிஸ்க்குல இருந்து எடுக்க முடியாதாக்கும்?" 2022 மார்ச்சில் வெம்பக்கோட்டை அகழாய்வு தொடங்கிய பிறகு, வைப்பாற்றங்கரைப் பெருமையோடு சேர்ந்து இந்த வாதமும் புழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளையல் கைக்குக் கிடைத்ததே, இடையில் யாரும் அந்த மேட்டை ஜேசிபி விட்டுக் கிளறிப் பார்க்காததால்தான். விழுந்த டிஸ்க்குக்கு நம் ஊரில் அந்தக் கொடுப்பினை இல்லை.

தட்டினால் ஓடுமாம். பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வருமாம். மூடியைக் கழற்றி முள்ளை நகர்த்தினால் சரியாகிவிடுமாம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டிய சிவகாசி அச்சகத்திலும், ஒரு முகூர்த்த மாதத்து வீடியோ முழுவதையும் ஒரே டிஸ்க்கில் அடைத்து வைத்திருக்கும் ஸ்டுடியோவிலும் இதே வைத்தியம்தான்.

இந்த நம்பிக்கை வெறும் புளுகிலிருந்து பிறக்கவில்லை. பழைய டிஸ்க்குகளில், கரண்டை நிறுத்தினால் படிக்கும் முனை, தகவல் பதியும் தட்டின் மேலேயே வந்து உட்காரும். சில சமயம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அப்போது வெளியிலிருந்து ஒரு தட்டலோ கொஞ்சம் குளிரோ அதை விடுவித்ததுண்டு. இன்றைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் முனை தட்டை விட்டு விலகி, ஓரத்திலுள்ள சரிவில் ஏறி நிற்கிறது. நோய் மாறிவிட்டது, மருந்துச் சீட்டு மட்டும் மாறவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் என்ன ஆகிறது? நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும் முனை தட்டில் மோதுகிறது. தலைமுடியின் பருமனே பல்லாயிரம் நானோமீட்டர். சிறிய டிஸ்க்குகளில் பெரும்பாலும் அந்தத் தட்டு கண்ணாடி. அதன் மேலுள்ள மெல்லிய காந்தப் பூச்சில்தான் மாப்பிள்ளை அழைப்பும் இருக்கிறது, தாலி கட்டும் இருக்கிறது. 'டிக் டிக்' சத்தம் கேட்ட பிறகும் திரும்பத் திரும்பக் கேபிளைச் செருகினால், வளைந்த முனை அந்தப் பூச்சைச் சுரண்டித் தூளாக்கும். தூளான இடத்தை எந்த நிபுணராலும் படிக்க முடியாது.

ஃப்ரீசர் இன்னும் மோசம். டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வர ஒரு துளை உண்டு. குளிர்ந்த டிஸ்க்கை நம் கரிசல் வெயிலுக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் கோக்கும். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்ப்பதும் பழைய கதை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் பதிந்திருக்கும், அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றாமல் வேறு போர்டைப் பொருத்திப் பயனில்லை. ரெகவரி சாஃப்ட்வேரோ, நல்ல டிஸ்க்கில் தவறி அழித்த ஃபைலைத் தேடுவதற்கானது. முனை உடைந்த டிஸ்க்கில் அதை ராத்திரி முழுக்க ஓடவிடுவது கொலைக்குச் சமம்.

உடனே கொலம்பியாவைக் காட்டுவார்கள். 2003இல் கல்பனா சாவ்லா சென்ற விண்கலம் வானத்திலேயே சிதறி, அதிலிருந்து விழுந்த டிஸ்க்கில் 99 சதவீதத் தகவலை எடுத்தார்களே! எடுத்தார்கள். சிதறும் நேரத்தில் அது சுற்றாமல் நின்றிருந்தது. காய்ந்த ஏரிப் படுகையில் மாதக்கணக்கில் கிடந்தபோது யாரும் அதைக் கரண்டில் மாட்டிப் பார்க்கவில்லை. அதே கலத்தில் போன இன்னும் இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதுவும் தேறவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பிழைத்த ஒன்றுதான் ஊர் ஊராய்ப் பேசப்படுகிறது.

உண்மையான மீட்பு இவ்வளவு சுவாரசியமாக இருக்காது. தூசி வடிகட்டிய அறையில், அதே மாடல் டிஸ்க்கிலிருந்து முனையை எடுத்துப் பொருத்துவார்கள். நல்ல பகுதிகளை முதலில், மோசமானவற்றைக் கடைசியில் என்று மெதுவாக நகலெடுப்பார்கள். அதற்குப் பிறகு நகலில்தான் வேலை, மூலத்தைத் தொடமாட்டார்கள். அப்படியும் சில சமயம் கை விரிப்பார்கள்.

அதனால் டிஸ்க் விழுந்தால் கேபிளைப் பிடுங்குங்கள், பிறகு அதைச் செருகாதீர்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டு: எங்கே வைத்துத் திறப்பீர்கள், முதலில் நகல் எடுப்பீர்களா? "இங்கயே, இந்த மேசையிலயே பாத்துருவோம்ணே" என்று அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுங்கள்.