குழாய் மாட்டி இறுக்கினால் போல்ட் நிற்குமா?

கேள்வி: சேடை ஓட்டும்போது ரோட்டவேட்டர் கத்தியின் போல்ட்டுகள் அடிக்கடி கழன்றுவிடுகின்றன, சில முறிந்தும் போகின்றன. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி முழுப் பலத்தோடு இறுக்கியும் பயனில்லை. இன்னும் கடினமான போல்ட் போடலாமா?
– ஏரிப் பாசன நெல் விவசாயி, வாலாஜாபாத் வட்டாரம்

பதில்: முதலில் குழாயை எடுத்து வைத்துவிட வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது அது ரப்பரைப் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புதான் கத்தியைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. இறுக்கம் குறைந்தால் கத்தி ஆடும். ஆட ஆட போல்ட் களைத்து முறியும். இறுக்கம் கூடினால் போல்ட் நீண்டது நீண்டபடியே நின்று பிடிப்பை இழக்கும், அல்லது மரை தேயும். இரண்டு தவறுக்கும் முடிவு ஒன்றுதான்.

இறுக்கத்துக்குக் கணக்கு உண்டு. 12 மி.மீ. தடிமனுள்ள, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுக்குப் பொதுவாக 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது 30 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 27 முதல் 30 கிலோ இழுப்பு. அதே இழுப்பை ஒரு மீட்டர் குழாயின் நுனியில் கொடுத்தால் இறுக்கம் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். கருவியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாகனத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும், அங்கே சக்கர நட்டைக் கைப்பலத்தை நம்பி விடுவதில்லை. அளவு காட்டும் கருவியால்தான் இறுக்குகிறார்கள். இதற்கான டார்க் ரெஞ்ச் கடையில் கிடைக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாம். அதுவரை, தொங்கவிட்டு நிறுக்கும் கொக்கித் தராசே உதவும். நட்டின் நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுத்து, முள் 27 கிலோவைக் காட்டியதும் நிறுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டை கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

2. கத்தியும் தட்டும் சேரும் இடத்தில் சேறு, துரு, பெயின்ட் பொருக்கு இருக்கக் கூடாது. சேற்றோடு இறுக்கினால், அது நசுங்கிக் கரைந்ததும் போல்ட் தளர்ந்துவிடும். சேடை வேலையில் போல்ட் கழல்வதற்கு இது முக்கியக் காரணம்.

3. மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே இழுப்பிலேயே போல்ட் அதிகம் நீளும். கையேடு சொல்லாமல் தடவக் கூடாது.

4. நைலான் வளையமுள்ள நட்டைக் கழற்றினால் புதியது போடுவது நல்லது.

5. ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இனி, கடினமான போல்ட் போடலாமா என்பது. கத்திக்குக் கையேடு சொல்லும் தரமே போதும்; தலையில் எண் இல்லாத மலிவு போல்ட்டைத் தவிர்த்தால் சரி. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுழற்சி தரும் தண்டில் சில கருவிகளுக்கு ஷியர் போல்ட் இருக்கும். கல்லில் மாட்டினால் தான் முறிந்து கியர் பெட்டியைக் காப்பதே அதன் வேலை. அங்கே கடின போல்ட் போட்டால் 50 ரூபாய்கூட ஆகாத போல்ட் பிழைக்கும், கியர் பெட்டி போய்விடும்.

கடைசியாக, கேட்காத ஒன்று. சேடை முடிந்து கேஜ் வீலைக் கழற்றி டயர் சக்கரத்தை மாட்டும்போது, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டின் அளவுக்கு இறுக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டி மறுபடி பார்த்த பிறகே சாலையில் ஏற வேண்டும். வயலில் கத்தி கழன்றால் அரை நாள் வேலை கெடும். சாலையில் சக்கரம் கழன்றால் போவது உயிர்.