கட்டிலைப் பார்க்கும் முன் தகட்டைப் பாருங்கள்

மெல்பர்னில் வாழும் என் மைத்துனர் கேரவன் ஒன்று வாங்க முடிவு செய்திருந்தார். மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டைத்தான் ஆஸ்திரேலியர்கள் கேரவன் என்பர். பள்ளி விடுமுறைக்கு அங்குச் சென்றிருந்த எங்களையும் அவர் விற்பனை நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். அவருடைய மனத்தைக் கவர்ந்த வண்டி ஐந்தரை மீட்டர் நீளம். உள்ளே இரட்டைக் கட்டில், குளியலறை, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி என எல்லாம் இருந்தன. அதன் சமையலறை எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையைவிட அழகாக இருந்ததை நான் மறுக்கமாட்டேன்.

“மச்சான், என் மகிழுந்து 2,000 கிலோகிராம் வரை இழுக்கும். இந்த வண்டி 1,750 கிலோகிராம்தான். இன்னும் 250 மிச்சம் இருக்கிறதே!” என்றார் மைத்துனர். விற்பனையாளரும் புன்னகையுடன் தலையசைத்தார்.

எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. கேரவன் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது கட்டிலையும் குளியலறையையும் அன்று. வண்டியில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய உலோகத் தகட்டைத்தான் என்பது என் கருத்து.

அந்தத் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று வெற்று எடை. அதாவது, பொருள் எதுவும் ஏற்றப்படாத வண்டியின் எடை. மற்றொன்று உச்ச எடை. எல்லாப் பொருளையும் ஏற்றிய பிறகும் வண்டி தாண்டக்கூடாத அளவு அது. மைத்துனர் சொன்ன 1,750 வெற்று எடை. உச்ச எடையோ 2,200 கிலோகிராம். அவருடைய மகிழுந்தின் இழுவைத் திறனைவிட அது 200 கிலோகிராம் அதிகம்.

“அவ்வளவு பொருள் ஏற்றமாட்டேன்” என்றார் அவர். சரி, கணக்கிட்டுப் பார்ப்போம் என்று என் மகள் குறிப்பேட்டை எடுத்தாள். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். வண்டியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு இருந்தன. ஆக, 160 கிலோகிராம். சமையலுக்கு 9 கிலோகிராம் எரிவாயு இரண்டு தோம்புகளில். அது 18. மிஞ்சுவது 72 கிலோகிராம். ஐந்து பேரின் துணிமணி, போர்வை, அரிசி, பாத்திரம், மடக்கு நாற்காலி, பிள்ளைகளின் மிதிவண்டிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவர்களுடன் பயணம் செய்யவிருந்த என் மாமியாரோ, கல்லுரலைத் தவிர வீட்டிலுள்ள மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புறப்படுபவர்!

இழுக்கும் திறன் மட்டும் போதாது. கேரவனின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மகிழுந்தின் பின்பக்கக் கொக்கியின்மேல் அழுத்தும். 2,000 கிலோகிராம் வண்டி என்றால், 200 கிலோகிராம். பெரியவர் மூவர் பின்பெட்டியில் ஏறி அமர்ந்ததற்குச் சமம் அது. பின்பகுதி தாழ்ந்தால் முன்பகுதி உயரும். அப்போது முன்சக்கரங்கள் சாலையைப் பற்றும் வலு குறையும். வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் நமக்குத் துணை நிற்பவை அந்த முன்சக்கரங்கள்தாமே?

வாங்கும் முன் ஒரு சிறிய கேரவனை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அரைமனத்துடன் மைத்துனர் சம்மதித்தார். மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராம்பியன்ஸ் மலைப்பகுதிக்குப் புறப்பட்டோம். மிதிவண்டிகளைக் கேரவனின் பின்புறத்தில் மாட்டினோம். தண்ணீர்க் கலன்களையும் உள்ளே கடைசியில் வைத்தோம். இடம் இருந்த இடத்தில் வைத்தோம்; அவ்வளவுதான் எங்கள் அறிவு.

பேலரட் நகரை நெருங்கும்போது ஓர் இறக்கம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தோம். நீண்ட லாரி ஒன்று எங்களை முந்தியது. அது தள்ளிய காற்றில் கேரவன் முதலில் இலேசாக ஆடியது. அடுத்த ஆட்டம் பெரிதாக இருந்தது. அதற்கடுத்தது மகிழுந்தையே இடமும் வலமும் இழுத்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் அலறினர். “பிரேக்கை அழுத்து!” என்று நானும் கத்தினேன். நல்ல வேளையாக, மைத்துனர் என் பேச்சைக் கேட்கவில்லை. திசைமாற்றியை நேராகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை மட்டும் மெல்ல எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் பின்னால் வரும் கேரவன் மகிழுந்தைத் தள்ளி மடக்கியிருக்கக்கூடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அந்த ஆட்டத்திற்கு நாங்கள் ஏற்றிய முறையே முக்கியக் காரணம். பின்கோடியில் பாரம் மிகுந்தால் கேரவன் ஊசல்போல் ஆடத் தொடங்கும். சாலையோரம் நிறுத்தி, தண்ணீர்க் கலன்களைச் சக்கர அச்சுக்கு மேலே தரையில் வைத்தோம். மிதிவண்டிகள் மகிழுந்தின் கூரைக்கு ஏறின. அதன் பிறகு வண்டி சாதுவாக வந்தது. அதுவும் சிறிய கேரவன்! மைத்துனர் விரும்பிய வண்டி அப்படி ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் நடுங்கியது.

ஹால்ஸ் கேப் முகாமில் பின்னோக்கி நிறுத்துவதற்கு இருபது நிமிடம் ஆனது. மகிழுந்தை ஒரு பக்கம் திருப்பினால் கேரவன் மறுபக்கம் போகும். பக்கத்து முகாமில் இருந்த முதியவர் ஓர் எளிய வழியைக் காட்டினார்: திசைமாற்றியின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். வழிகாட்டுபவரோ ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்க வேண்டும். இவற்றை நெடுஞ்சாலைக்குச் செல்லும் முன்பே காலியான திடலில் பழகியிருக்கலாம்.

பெரிய கேரவன் வேண்டும் என்பதற்கு மைத்துனர் கூறிய காரணத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. “அம்மாவுக்கு முழங்கால் வலி. கூடாரத்தில் தரையில் படுத்து எழ முடியாது. இரவில் தூரம் நடக்கவும் முடியாது” என்றார். நியாயமான கவலைதான். ஆனால், மாமியாருக்குத் தேவைப்பட்டவை உயரமான கட்டிலும் தாழ்வான படியும் கழிவறைக்கு அருகில் ஓர் இடமும். நாங்கள் தங்கிய முகாமில் கழிவறையும் வெந்நீர்க் குளியலறையும் இருந்தன. அருகிலேயே இடம் கேட்டு வாங்கினோம். கேரவனுக்குள் இருக்கும் தொலைக்காட்சியை அந்த மூன்று நாளில் ஒருவரும் தேடவில்லை. மாலையில் கங்காருக்கள் புல்வெளியில் மேய வரும்போது யார் உள்ளே அமர்ந்திருப்பார்?

ஆஸ்திரேலியச் சட்டமும் எடை கூடக்கூடக் கடுமையாகிறது. 750 கிலோகிராமைத் தாண்டும் இழுவை வண்டிக்குத் தனி பிரேக் வேண்டும். 2,000 கிலோகிராமைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்றால் வண்டி தானாக நிற்கும் ஏற்பாடும் வேண்டும்.

மைத்துனர் இறுதியில் கூரையை உயர்த்தி இறக்கக்கூடிய ஒரு சிறிய கேரவனை வாங்கினார். அதன் உச்ச எடை 1,800 கிலோகிராம். முதல் பயணத்திற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றி, பொது எடைமேடையில் நிறுத்தி, அந்தச் சீட்டைப் படமெடுத்து என் மகளுக்கு அனுப்பினார். 1,640 கிலோகிராம். கீழே, “பாட்டியின் இட்லிப் பானையும் சேர்த்துத்தான்” என்று எழுதியிருந்தார்.