எத்தனை தடவைதான் புதுசாச் சேருவேன்?

அழகர் ஆத்துல இறங்குன மறுநாள், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, மதுரை ஏ.வி. பாலத்துக்குக் கீழ வந்து பாருங்க. மொட்டையடிச்ச முடி ஈர மணல்ல திட்டுத் திட்டாக் கெடக்கும். அதுமேல செம்புல இருந்து சிந்துன சர்க்கரை, மொய்க்கிற எறும்பு, நீர்மோர் கப்பு, ஒத்தைச் செருப்பு. எம்புட்டு ஒத்தைச் செருப்புங்கிறீக! மத்த குப்பையெல்லாம் விளக்கமாத்துக்கு வந்துரும். முடி வராது. ஈர்க்குல சுத்திக்கும். நின்னு கையால பிச்சு எடுத்துட்டுத்தேன் அடுத்து கூட்ட முடியும். பதினேழு வருஷமாப் பிச்சு எடுக்குறேன்.

ஆனா கணக்குப்படி நான் வேலைக்குச் சேந்து எட்டு மாசம்தான் ஆகுது.

காண்ட்ராக்ட் மாறும். நாங்க மாற மாட்டோம், கூட்டுற தெரு மாறாது, தள்ளுவண்டிச் சக்கரம் போடுற கிறீச் சத்தம்கூட மாறாது. புதுக் கம்பெனிக்காரன் வந்து ஆதாரையும் போட்டோவையும் வாங்கிக்கிட்டு, புது ஆளுன்னு எழுதிக்குவான். முன்னாடி பிடிச்ச பி.எஃப். எங்கய்யான்னா, "அங்க போயிக் கேளும்மா"ங்கிறான். அங்க போனா ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்தவுகளை நிரந்தரமாக்கணும்னு தமிழ்நாட்டுல 1981-லயே சட்டம் போட்டிருக்காகளாம், சங்கத்துக்காரவுக சொன்னாக. அதைப்போல பத்து மடங்கு பாத்தவ நான். எழுத்துல மட்டும் எனக்கு 480 வரவே மாட்டேங்குது.

2022 அக்டோபர்ல அரசாணை 152 வந்துச்சு. மாநகராட்சிகள்ல துப்புரவு உட்படப் பல வேலைகளை அவுட்சோர்ஸிங்ல விடலாம்னு. அதுவரைக்கும், என்னைக்காவது ஒருநாள் நிரந்தரம் பண்ணுவாகன்னு ஒரு நெனப்பாவது இருந்துச்சு. அதையும் சேத்து அள்ளிட்டுப் போயிட்டாக. சென்னையில 2025 ஆகஸ்டுல, இதே மாதிரி தனியாருக்கு விடாதீகன்னு ரிப்பன் மாளிகை வாசல்ல பதிமூணு நாள் உக்காந்த எங்க சனத்தை நடுராத்திரியில போலீசை விட்டுத் தூக்குனாக. இதுல துப்புரவுன்னு சொல்லக்கூடாதாம், தூய்மைப் பணியாளராம். பேரு மட்டும் நிரந்தரமா மாறிருச்சு.

2017-ல மீனாட்சி கோயிலுக்கு, நாட்டுலயே சுத்தமான தலம்னு மத்திய அரசு பரிசு கொடுத்துச்சு. அன்னைக்கும் நான் சித்திரை வீதியிலதான் கூட்டிக்கிட்டு இருந்தேன். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. மறுநாள் அந்தப் பேப்பரையும் நான்தேன் பொறுக்குனேன்.

எங்க பக்கத்து வீட்டுப் பய மாலத்தீவுல ஓட்டல்ல ரூம் கூட்டுறான். அங்க தங்க வர்றவுககிட்ட வாங்குற சர்வீஸ் சார்ஜை வேலை பாக்குறவுகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும்னு சட்டமாம். பொட்டு பொட்டாத் தீவு. கடலையும் மணலையும் காட்டிப் பொழைக்கிற ஊரு. மணலைக் கூட்டுறவனுக்கும் ஒரு பங்கு வச்சிருக்கு. மதுரைக்கு வர்ற வெள்ளைக்காரன், வடநாட்டான் காசுல லாட்ஜுக்குப் பங்கு இருக்கு, ஆட்டோவுக்கு இருக்கு, ஜிகர்தண்டாக் கடைக்கு இருக்கு. எங்களுக்கு அந்த ஜிகர்தண்டா கப்பு இருக்கு.

சுற்றுலா நிலைச்சு நிக்கணும்னு மீட்டிங் போடுறாக. தெருவைக் கூட்டுறவளை ஒரு வருஷம் நிலைச்சு நிக்க விடமாட்டேங்கிறாக.

போன வாரம் மேஸ்திரி ஒரு பாரத்தை நீட்டுனாரு. மறுபடியும் கம்பெனி மாறுதாம். அதுல "முன் அனுபவம்"னு ஒரு கட்டம். என்னய்யா எழுதன்னு கேட்டேன். "கோடு போட்டு விடும்மா, புதுசுதான"ன்னாரு.

அந்த மனுசன் வேலைக்கு வந்த முத நாளு, எந்தத் தெரு எங்க இருக்குன்னு கூட நடந்து காட்டுனதே நான்தேன்.