ஹோர்முஸும் ஜமுனாமரத்தூரும்



2025 ஜூன் 13 முதல் பன்னிரண்டு நாள்கள் நீடித்த ஈரான் - இஸ்ரேல் போரின்போது நம் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் நலமா என்பதே. ஜூன் 23 இரவு கத்தரின் அல் உதைத் தளத்தை நோக்கி ஏவுகணைகள் பாய்ந்தன. கத்தர், பஹ்ரைன், குவைத், அமீரகம் ஆகியவை சில மணி நேரம் வான்வெளியை மூடின. விடியும்வரை கைபேசியைக் கீழே வைக்காத தாய்மார்கள் எத்தனையோ பேர். ஆனால் அதற்கு முந்தைய நாள் ஹோர்முஸ் நீரிணையை மூடுவதற்கு ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்ததை நம்மில் பலர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நம் அடுப்பங்கரையை நேரடியாகத் தொடும் செய்தி அதுதான். இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரே நீரிணையின் வழியே வருகிறது.

நீரிணை அன்று மூடப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மூடப்பட்டிருந்தால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும்? சென்னையில் இருப்பவருக்கு ஒரு முகவர் இல்லையென்றால் இன்னொருவர் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையின் மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கோ, அதைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களுக்கோ அப்படி இல்லை. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மலைப்பாதை ஏறித்தான் சிலிண்டரும் அரிசியும் டீசலும் அங்கே போய்ச் சேர வேண்டும். நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரும் ஊர்கள் அம்மலையில் உண்டு. கீழே ஒரு வாரத் தாமதம் என்றால் மேலே அது ஒரு மாதத் தாமதமாகிவிடக்கூடும். ஆகவே, வெளிநாட்டுப் போர்களால் வரும் தட்டுப்பாட்டுக்கு மாநில அரசு ஆயத்தமாக இருக்கிறதா என்பதைத் தலைமைச் செயலகத்துக் கட்டுப்பாட்டு அறையை வைத்து அளக்கக்கூடாது. ஜமுனாமரத்தூரின் நியாயவிலைக் கடையை வைத்து அளக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கச்சா எண்ணெய்க் கையிருப்பு மத்திய அரசின் பொறுப்பு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களின் நிலத்தடிக் கிடங்குகளில் மொத்தம் 53.3 லட்சம் டன் சேமிக்க இடம் உண்டு. அவற்றின் மீது மாநிலத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் வந்து சேர்ந்த பொருளை யாருக்கு முதலில் கொடுப்பது, பதுக்குபவரை எப்படிப் பிடிப்பது, கடைசி ஊருக்கு எப்படி ஏற்றுவது என்பவையெல்லாம் மாவட்ட ஆட்சியர், உணவு வழங்கல் துறை, நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆகியோரின் கையில் உள்ளவை. “எல்லாம் டெல்லியின் வேலை” என்று சொல்லி ஒதுங்க முடியாது.

திறமை இல்லாத அரசு இயந்திரமும் அல்ல இது. 2022-இல் இலங்கை மக்கள் எரிபொருளுக்கும் உணவுக்கும் வரிசையில் நின்றபோது 40,000 டன் அரிசியும் 500 டன் பால் மாவும் மருந்துகளும் அனுப்பத் தமிழ்நாடு முடிவெடுத்தது. மே மாதத்திலேயே முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அதே ஆண்டு உக்ரைனில் சிக்கிய ஏறத்தாழ 1,900 தமிழக மாணவர்கள் ஊர் திரும்பவும் மாநில அரசு துணை நின்றது. கடல் கடந்து அரிசி அனுப்ப முடிந்த அரசால் ஒரு மலையின் மேல் மூன்று மாத இருப்பை முன்கூட்டியே வைக்க முடியாதா? முடியும். ஆனால் நாம் இதுவரை பாராட்டியதெல்லாம் துன்பம் வந்தபின் ஓடிய ஓட்டத்தை. ஆயத்தம் என்பது வேறு.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டின் பஞ்சத்தை மார்க்க வரலாறு அறிந்தோர் ‘ஆமுர் ரமாதா’ என்பார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எகிப்துக்கும் ஷாமுக்கும் இராக்குக்கும் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். மக்கள் நலம்பெறும்வரை தாம் நெய்யைத் தொடவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்னர் நடந்தது: நைல் நதியையும் செங்கடலையும் இணைத்த பழைய கால்வாயைத் தூர்வாரி, எகிப்தின் தானியம் கப்பலிலேயே அரேபியக் கரைக்கு வந்துசேர வழி செய்தார்கள். பசி தணிந்தவுடன் மறந்துவிடவில்லை.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் நம் பயான்களில் பொறுமைக்கும் கற்புக்குமே அதிகம் எடுத்துக்காட்டுகிறோம். ஏழாண்டுச் செழிப்பில் விளைந்ததைக் கதிரோடு வைத்துச் சேமிக்கச் சொன்ன நிர்வாகியாக அவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. ஜவ்வாது மலையின் சாமைக்கு அவ்வழிமுறை அப்படியே பொருந்தும். உமி நீக்காமல் வைத்தால் சாமை பல ஆண்டுகள் கெடாது. அதிக உரமோ பம்புசெட்டுக்கு டீசலோ அதற்குத் தேவையில்லை. மலைச்சரிவில் மழையை மட்டுமே நம்பி விளையும். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கிய அரசு, ஜமுனாமரத்தூர் வட்டத்தின் கடைகளில் அவ்வூர்ச் சாமையையே கொள்முதல் செய்து ஏன் வழங்கக்கூடாது? அதற்கு எந்தக் கடலும் திறந்திருக்க வேண்டியதில்லை.

பாமாயிலும் இதே கணக்குத்தான். லிட்டர் 25 ரூபாய்க்கு நாம் வாங்கும் அந்த எண்ணெய் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது மூன்று வாரங்களுக்கு மேல் சந்தை தடுமாறியது. மாநிலத்திலேயே நிலக்கடலைக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து மக்கள், கடல் தாண்டி வரும் எண்ணெயை நம்பியிருப்பது விந்தைதான். விலை கூடுதல் என்பது உண்மை. முழுமையாக மாற்ற வேண்டாம். ஒரு பகுதியை மாற்றிப் பழகலாமே.

ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு பல ஆண்டுகளாக வெகுவாகக் குறைந்துவிட்டது. மின்சாரமும் எரிவாயுவும் வந்துவிட்டன என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். அவ்விரண்டும் தடைப்படும் நாளில் மலையூர்களுக்கு என்ன மாற்று? ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெனரேட்டருக்கும் 108 ஊர்திக்கும் மலையேறும் பேருந்துக்கும் தனியாக டீசல் ஒதுக்கி வைக்க ஏற்பாடு வேண்டும். பாம்புக்கடி மருந்தும் தடுப்பூசியும் குளிர்பெட்டியில் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்க.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. நல்லது. ஆனால் அதற்கடுத்த நாள்களில் எரிபொருள் தீர்ந்துவிடும் என்ற வதந்தி நாட்டில் பரவி, இருப்பு போதுமான அளவில் உள்ளது என்று இந்தியன் ஆயில் நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் வதந்தியும் ஓர் ஆயுதம். அது எந்தச் சமூகத்தின் மீது எளிதில் திரும்பும் என்பதை 2020 ஏப்ரலில் நாம் கண்டோம். நோய்ப்பரவலை ஒரு மதத்தோடு முடிச்சுப்போட்ட பேச்சு நாடெங்கும் எழுந்தபோது, தமிழக சுகாதாரத் துறை தன் அறிவிப்புகளில் மாநாட்டின் பெயரைத் தவிர்த்து ‘ஒற்றை மூலம்’ என்று குறிப்பிடத் தொடங்கியது. சிறு சொல் மாற்றம்தான். ஆனாலும் அரசு விரும்பினால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றாமல் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. எல்லையில் பதற்றம் எழும்போது வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கடை வைத்திருப்பவரின் பாதுகாப்பும் மாநிலப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவுறுத்தப்பட வேண்டும்.

நம் பக்கமும் கடமை இருக்கிறது. மொத்த வியாபாரிகள் நம்மில் நிறையப் பேர். விலை ஏறட்டும் என்று சரக்கைப் பூட்டி வைப்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நினைவூட்ட வேண்டிய இடம் ஜும்ஆ மேடை. தட்டுப்பாடு வந்த பிறகு நினைவூட்டிப் பயனில்லை. வளைகுடாவில் வேலை செய்வோரின் பெயர், நாடு, தொடர்பு எண் ஆகியவற்றை ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் குடும்பங்களின் சம்மதத்தோடு பதிவேட்டில் வைக்கலாம். 1990-இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் மீட்கப்பட்ட காலத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று தேடுவதே பெரும் வேலையாக இருந்தது. இன்று அயலகத் தமிழர் நலனுக்கென மாநிலத்தில் தனித் துறையே இருக்கிறது. அத்துறை கேட்கும் நாளில் நம் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜமாஅத்துகள் ஒன்று சேர்ந்து ஒரு மனுவில் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: ஜமுனாமரத்தூர் வட்டத்தின் நியாயவிலைக் கடைகளில் இன்று எத்தனை நாளுக்கான இருப்பு இருக்கிறது? கீழிருந்து லாரி ஏறாவிட்டால் அடுத்த ஏற்பாடு என்ன?